தண்ணீருக்கு நடுவே ஒரு கயிறு: மீட்புப் பணிக்கான பெரிய ட்ரோன் எப்படி உருவாகிறது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் சுற்றிலும் தண்ணீரோடு மாட்டிக்கொண்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போயிருந்தன. சாலையும் இல்லை. கடைசியில் ஹெலிகாப்டரில் இருந்துதான் உணவுப் பொட்டலங்கள் இறங்கின.

படகு போக முடியாத அளவுக்கு இழுப்பு இருக்கும். ஹெலிகாப்டர் வர நேரம் ஆகும், ஒரே நேரத்தில் பத்து இடங்களில் அது தேவைப்படும். இந்த இடைவெளியில் மொட்டை மாடியில் நிற்கிற ஒருவருக்கு ஒரு கயிறு, ஒரு மிதவை வளையம், இன்சுலின், ஒரு வாக்கி டாக்கி, இவற்றில் ஒன்று போய்ச் சேர்ந்தாலே பெரிய உதவி. அதைச் செய்யத்தான் பெரிய ட்ரோன். கல்யாண வீட்டில் படம் எடுக்கிற ட்ரோனைப் பெரிதாக்கினால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து எட்டு மோட்டார் வைத்த ஒன்றைக் கட்ட ஆரம்பித்த பிறகுதான், இது வேறு மாதிரியான வேலை என்று புரிந்தது. அதில் கற்றதை, ட்ரோனைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

இது கற்பனையான ஆசை இல்லை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் லெனாக்ஸ் ஹெட் கடற்கரையில் அலையில் சிக்கிய இரண்டு இளைஞர்களுக்கு ஒரு ட்ரோன் மிதவையைப் போட்டது. அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். அதே ஆண்டு அதே நாட்டில், தொலைவில் இருக்கும் நோயாளியிடமிருந்து ரத்த மாதிரியைத் தானாகப் பறந்து எடுத்து வரும் போட்டி நடந்தது. அதில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்‌ஷா குழு இரண்டாம் இடம் பிடித்தது. நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த குழு என்றால் பலருக்கும் நினைவு வரும். 2024 செப்டம்பரில் புடமேரு ஆற்று வெள்ளம் விஜயவாடாவை மூழ்கடித்தபோது, மாடிகளில் இருந்தவர்களுக்குப் பெரிய ட்ரோன்கள் உணவும் தண்ணீரும் மருந்தும் கொண்டுபோயின.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலானவர்கள் மோட்டாரில் தொடங்குகிறார்கள். எந்த மோட்டார், எத்தனை கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று), எந்த ப்ராப் (விசிறி) என்று. நான் சுமையில் தொடங்கச் சொல்வேன். கீழே இருப்பவருக்கு என்ன போய்ச் சேர வேண்டும், அதன் எடை என்ன? கப்பல்களுக்கான சர்வதேச விதிப்படி ஒரு மிதவை வளையம் குறைந்தது 2.5 கிலோ இருக்க வேண்டும். அதோடு மெல்லிய கயிறும் கொக்கியும் சேர்ந்தால் 3 கிலோ. ஆக, சுமை 3 கிலோ என்று எழுதிவைத்துக்கொள்வோம். இந்த ஓர் எண்ணிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கிறது.

சட்டகம், மோட்டார்கள், ஒயர்கள், கேமரா எல்லாம் சேர்ந்து 6 கிலோ. பேட்டரி 5 கிலோ. சுமை 3. மொத்தம் 14 கிலோ. இந்த 14 கிலோவை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

விசிறி எப்படித் தூக்குகிறது என்று பார்த்தால் விடை எளிது. அது காற்றைக் கீழே தள்ளுகிறது, அதன் எதிர்வினை ட்ரோனை மேலே தள்ளுகிறது. கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளினாலும் தூக்கலாம், நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினாலும் தூக்கலாம். இரண்டாவது வழியில் மின்சாரம் மிச்சம். அதனால்தான் பெரிய ட்ரோன்களுக்கு அகலமான ப்ராப்கள், மெதுவாகச் சுழலும் மோட்டார்கள். 22 அங்குல ப்ராப் எட்டு வைத்தால் கணக்குப்படி 740 வாட் போதும். நிஜத்தில் ப்ராப்பிலும் மோட்டாரிலும் பாதிக்குப் பாதி வீணாகிறது, ஆகவே சுமார் 1,400 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். சமையலறை மிக்ஸி இரண்டை விடாமல் ஓட்டுவது மாதிரி.

இங்கே ஒரு கெட்ட செய்தி. எடையை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் மின்சாரம் இரண்டு மடங்கோடு நிற்காது, கிட்டத்தட்ட 2.8 மடங்காகிவிடும். அதிக நேரம் பறக்க வேண்டும் என்று பேட்டரியைக் கூட்டினால், அந்தப் பேட்டரியைத் தூக்கவே பேட்டரி செலவாகும். ஓர் அளவுக்கு மேல் பேட்டரி சேர்த்தால் பறக்கும் நேரம் குறையவே செய்யும். ஒரு கிலோ பெட்ரோலில் 12,000 வாட்-மணிக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. ட்ரோன்களில் வைக்கும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒரு கிலோவில் சுமார் 200. எங்கள் 5 கிலோ பேட்டரியில் மொத்தமே ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால், கணக்குப்படி அரை மணி நேரம். எதிர்க்காற்றையும் திரும்பி வரும் தூரத்தையும் கழித்தால், நம்பிச் சொல்லக்கூடியது 20 நிமிடம். ஆய்வகத்தில் ஒவ்வொரு போல்ட்டையும் தராசில் வைத்துப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். எஃகு போல்ட்டை அலுமினியமாக மாற்றியதில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரின் எடை குறைந்தது.

அடுத்து, ஏன் எட்டு மோட்டார்? நான்கே நல்ல பெரிய மோட்டாராக வைத்தால் மலிவு, எளிமை. ஆனால் நான்கில் ஒன்று நின்றால் ட்ரோன் சுழன்றுகொண்டே விழும். கீழே ஆள் இருக்கும் இடத்துக்கு இப்படிப்பட்ட ஒன்றை அனுப்ப மனசு வராது. ஆறு வைத்தால் ஒன்று போனாலும் பெரும்பாலும் இறக்கிவிடலாம், ஆனால் திசை திரும்பும் கட்டுப்பாடு பலவீனமாகும். எட்டில் ஒன்று போனால் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். நடைமுறையில், சமநிலைக்காக எதிர்ப்பக்க மோட்டாரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், ஆறுதான் தாங்கும் என்று கணக்கிட வேண்டும். சாதாரணமாக ஒவ்வொரு மோட்டாரும் தூக்குவது 1.75 கிலோ. ஆறு தாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 2.3 கிலோவுக்கு மேல். எனவே ஒவ்வொரு மோட்டாரும் 3.5 கிலோ வரை தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மொத்த எடையைப் போல இரு மடங்கு தூக்கும் சக்தி வேண்டும் என்ற விதி புத்தகங்களில் இருக்கும். அதன் காரணம் இந்தக் கணக்கில் தெரிகிறது.

எட்டு 22 அங்குல ப்ராப்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் வட்டமாக நிற்க வேண்டுமென்றால், நுனிக்கு நுனி 2 மீட்டருக்கு மேல் அகலம் வரும். அது எந்த ஜீப்பிலும் ஏறாது. இரண்டு வழி உண்டு. ட்ரோனின் நடுவிலிருந்து நீளும் ஒரே கையில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக மோட்டார் வைத்து நான்கு கைகளோடு முடிக்கலாம். கீழ் ப்ராப் மேல் ப்ராப் கலக்கிய காற்றில் சுழல்வதால் மின்சாரம் 15, 20 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். இல்லையென்றால் கைகளை மடக்கும்படி செய்யலாம். அப்போது மடக்கும் கீல்கள் நாளடைவில் தளர்ந்து அதிரும். நாங்கள் மடக்குவதைத் தேர்ந்தோம். ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்னால் எட்டுக் கைகளையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் கிளப்புவதில்லை.

பேட்டரியிலும் இதே யோசனைதான். 12 செல் பேட்டரி, முழுச் சார்ஜில் 50.4 வோல்ட். இவ்வளவு வோல்ட் எதற்கு? அதே சக்தியைப் பாதி வோல்ட்டில் எடுத்தால் இரு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும், ஒயர் நான்கு மடங்கு சூடாகும். ஒரே பெரிய பேட்டரிக்குப் பதிலாக இரண்டு சின்னப் பேட்டரிகளை இணையாக இணைத்தோம். ஒன்று செத்தால் மற்றது இறக்கிவிடும். இரண்டு 6 செல் பேட்டரிகளைத் தொடராக இணைத்தாலும் அதே வோல்ட் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் ஒன்று போனால் எல்லாமே போய்விடும். இங்கே காசு மிச்சம் பிடிக்காதீர்கள் என்பேன். இணையாக இணைக்கும்போது மட்டும் இரண்டும் ஒரே அளவு சார்ஜில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மின்சாரம் பாய்ந்து கொதித்துவிடும். சாதாரண ப்ளக்கை 50 வோல்ட்டில் செருகினால் 'டப்' என்று நீலப் பொறி பறந்து முனை கருகும், ஆகவே பொறி தடுக்கும் ப்ளக் வேண்டும்.

மோட்டார்களை ஓட்டும் மூளைக்கு ஃப்ளைட் கன்ட்ரோலர் என்று பெயர். சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகப் பிறந்த பிக்ஸ்ஹாக் வகைப் பலகையும், அதில் ஓடும் ஆர்டுபைலட் என்ற இலவச மென்பொருளும் தொடங்குபவருக்கு நல்ல இணை. ட்ரோன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது நொடிக்கு 400 முறை பார்த்து, ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்துகிறது. முன்னால் போக வேண்டுமா, பின் மோட்டார்கள் வேகம் கூடும், உடம்பு முன்னால் சாயும். திரும்ப வேண்டுமா, பாதி மோட்டார்கள் வலமாகவும் பாதி இடமாகவும் சுழல்கின்றனவே, அதில் ஒரு பாதி வேகம் கூடும். நாம் ரிமோட்டின் குச்சியைத் தள்ளி விருப்பத்தைச் சொல்கிறோம், பறப்பது அந்தப் பலகைதான்.

அந்தப் பலகைக்குத் தவறான தகவல் போனால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். முதல் வெளிப் பறத்தல். மூன்று மீட்டர் உயரத்தில் ஓரிடத்தில் நில் என்று சுவிட்சைத் தட்டினேன். நிற்கவில்லை. மெதுவாக வட்டமடிக்க ஆரம்பித்தது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது, ஆளுயர வேலியை நோக்கி நகர்ந்தது. சுவிட்சைத் திருப்பி, கையால் ஓட்டி இறக்கினோம். காரணம் தேட இரண்டு நாள் ஆனது. பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர் திசைகாட்டிச் சில்லுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் போயிருந்தது. மின்சாரம் ஓடினால் ஒயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்று பத்தாம் வகுப்பில் படித்ததுதான். த்ராட்டில், அதாவது மோட்டார்களுக்குப் போகும் சக்தி, கூடக் கூட வடக்கு எது என்று அந்தச் சில்லு குழம்பியிருக்கிறது. ஜி.பி.எஸ்.ஸையும் திசைகாட்டியையும் ஒரு கம்பத்தில் ஏற்றி 15 செ.மீ. உயர்த்தினோம், நேர், எதிர் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கினோம். அதற்கப்புறம் ஆணியடித்தது போல நின்றது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற பகுதிக்கு வருகிறேன். சுமையை எப்படிக் கொடுப்பது?

கிட்டே போய்க் கையில் கொடுக்கலாமே என்று தோன்றும். கூடாது. 14 கிலோவைத் தாங்க நம் ப்ராப்கள் தள்ளும் காற்று, ட்ரோனுக்குக் கீழே மணிக்கு 39 கி.மீ. வேகம் வரை போகும். தார்ப்பாயும் தகரமும் பறக்கும். மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தத்தளிப்பவரின் முகத்தில் அந்தக் காற்றும் நீர்த்திவலையும் அடித்தால் மூச்சுத் திணறும். எனவே ட்ரோன் 15, 20 மீட்டர் உயரத்தில் நின்று கயிற்றில்தான் இறக்க வேண்டும்.

கயிறு வந்ததும் அடுத்த ஆபத்தும் வந்துவிடுகிறது. உயிருக்குத் தவிக்கிறவர் கையில் கயிறு சிக்கினால் விடமாட்டார். விடச் சொல்லவும் கூடாது. அவர் உடம்பின் எடை முழுவதும் தொங்கினால் ட்ரோன் அவர் மேலேயே விழும், சுழலும் எட்டு ப்ராப்களோடு. இதற்கு இரண்டு ஏற்பாடு செய்தோம். கயிற்றுக்கும் ட்ரோனுக்கும் நடுவே வேண்டுமென்றே பலவீனமான ஓர் இணைப்பு. 6 கிலோவுக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் நூல், ஒவ்வொரு புதுச் சுருளையும் மணல் பை தொங்கவிட்டுச் சோதித்த பிறகுதான் கட்டுவோம். இரண்டாவது, இயக்குபவர் ஒரு பொத்தானை அழுத்தினால் கயிற்றை வெட்டும் சின்னக் கத்தி. நூலின் முடிச்சை எங்கள் ஆய்வகத்தில் யாரும் பேசிக்கொண்டே போட மாட்டார்கள்.

சுமை பிரியும் நொடியில் 14 கிலோ திடீரென 11 ஆகிறது. மோட்டார்கள் இன்னும் 14-க்கான வேகத்தில் ஓடுவதால் ட்ரோன் ஜிவ்வென்று மேலே துள்ளும். ஃப்ளைட் கன்ட்ரோலர் அதை ஒரு நொடிக்குள் பிடித்துவிடும். ஆனால் தலைக்கு மேலே மின்கம்பி இருந்தால் அந்த ஒரு நொடியே போதும். அதனால் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுமையை விடுவதில்லை.

ஆளைக் கண்டுபிடிக்க வெப்பக் கேமரா உதவும். அது உடம்பிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிரைப் படமாக்குகிறது. விடிவதற்கு முன்னால், எல்லாம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் மனித உடம்பு வெள்ளைப் பொட்டாகப் பளிச்சென்று தெரியும். நம் ஊர் மதிய வெயிலில் சிமெண்ட் மாடியும் பாறையும் உடம்பைவிடச் சூடாகிவிடும், அப்போது ஆள் கலந்துபோய்விடுவார். தண்ணீருக்கு அடியில் இருப்பது தெரியவே தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் "கேமராவில் யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது பெரிய தவறு.

ஒலிபெருக்கியும் வைத்துப் பார்த்தோம். ட்ரோனின் இரைச்சலில் பாதி வார்த்தைகள் காணாமல் போயின. "படகு வருது, அங்கேயே இருங்க" என்று நான்கு சொல்லில் நிறுத்தி, இரண்டு முறை சொன்னால் கேட்கிறது. வாக்கி டாக்கி ஒன்றை இறக்கிவிடுவது இதைவிட நல்லது, பதிலும் வரும்.

மழைக்கு மோட்டார் அவ்வளவாகப் பயப்படாது. ஈ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகளும் ப்ளக்குகளும்தான் பயப்படும். பலகைகளுக்கு நீர் புகாத பூச்சு, ஒயர் நுழையும் இடங்களில் ரப்பர், ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கி அப்புறம் மேலேறிப் பெட்டிக்குள் போகும்படி வைப்பது. சொட்டு அந்த வளைவில் வழிந்து விழுந்துவிடும். உயரத்தை அளக்கும் காற்றழுத்த சென்சார் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், காற்று நேராக அடிக்காமல் இருக்க. இவ்வளவு செய்தாலும் புயல் அடிக்கும்போது பறக்க முடியாது. புயல் கடந்த பிறகு வரும் மணி நேரங்களில்தான் இதற்கு வேலை.

அந்த நேரத்தில் செல்போன் கோபுரங்கள் வேலை செய்யாது. 4ஜி வழியாக இயக்கலாம் என்ற திட்டத்தை முதல் நாளே மறந்துவிடுங்கள். சொந்த ரேடியோ வேண்டும். இணையத்தில் விற்கும் பல ரேடியோக்கள் வேறு நாடுகளுக்கான அலைவரிசையில் வரும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் குறைந்த சக்தியில் பயன்படுத்தக்கூடியவற்றில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியும் 2.4 கிகாஹெர்ட்ஸும் உண்டு, பார்த்து வாங்க வேண்டும். தொடர்பு அறுந்தால் தானாக வீட்டுக்குத் திரும்பு என்ற கட்டளை இப்படிப்பட்ட பலகைகளில் உண்டு. திரும்பும் உயரமாக ஆர்டுபைலட்டில் முதலிலேயே இருப்பது 15 மீட்டர். நம் ஊர் மின்கம்பி, தென்னை, கோபுரங்களுக்கு நடுவே அது போதாது, இடத்தைப் பார்த்து உயர்த்த வேண்டும். கயிறு தொங்கிக்கொண்டிருக்கும்போது தொடர்பு போனால், முதலில் கயிற்றை வெட்டிவிட்டுத்தான் நகர வேண்டும் என்றும் எழுதிவைத்திருக்கிறோம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2021 ட்ரோன் விதிகளின்படி 2 முதல் 25 கிலோ வரை 'சிறிய' வகை, நம் 14 கிலோ அதில் வருகிறது. அரசின் இணையதளத்தில் பதிவு, ட்ரோன் மாதிரிக்கான வகைச் சான்று, இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ், எல்லாம் தேவை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களும் பதிவுபெற்ற ஸ்டார்ட்-அப்களும் பச்சை மண்டலத்தில், தங்கள் சொந்த வளாகத்துக்குள், ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட விலக்கு உண்டு. ஆர்வலர் ஒருவர் தனியாகச் செய்வதைவிட ஒரு கல்லூரியோடு சேர்ந்து செய்வது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, பேரிடர் இடத்துக்கு அழைக்காமல் போகக் கூடாது. மேலே மீட்பு ஹெலிகாப்டர் இருக்கும்போது நம் ட்ரோன் தரையில்தான் இருக்க வேண்டும். அதன் விசிறியில் நம் 14 கிலோ மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டி முடித்ததும் ஆசையாகப் பறக்கவிடத் தோன்றும். முதலில் ப்ராப் இல்லாமல் எட்டு மோட்டாரையும் ஒவ்வொன்றாகச் சுற்றி, வரிசையும் திசையும் சரியா என்று பாருங்கள். ஆய்வகத்துக்குள் ப்ராப் மாட்டிய நிலையில் பேட்டரி செருகுவதில்லை என்பதை மீற முடியாத விதியாக வையுங்கள். 22 அங்குல கார்பன் ப்ராப் விரலை எடுத்துவிடும். அப்புறம் சுமை இல்லாமல் ஒரு மீட்டர் உயரம், பிறகு தண்ணீர் கேனில் அரை அரை லிட்டராக ஏற்றி 3 கிலோ வரை. ஒவ்வொரு முறை தரையிறங்கி, ப்ராப் நின்று, பேட்டரியைக் கழற்றிய பிறகு, எட்டு மோட்டாரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்போம். ஏழு ஒரே சூட்டில் இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அந்தக் கை லேசாகத் திருகியிருக்கிறது அல்லது பேரிங் தேய்கிறது என்று அர்த்தம்.

பிறகு ஒரு நாள், ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஒருவரை ஆய்வகத்துக்கு அழைத்துக் காட்டினோம். பழைய ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, கையைப் பக்கெட் தண்ணீரில் நனைத்து, எங்கள் கொக்கியில் மிதவையை மாட்டிப் பார்த்தார். முடியவில்லை. எங்கள் அழகான சின்னக் கொக்கி அந்தக் கையுறை விரலுக்குள் அடங்கவே இல்லை. "தம்பி, அங்க எல்லாரும் கை நடுங்கிக்கிட்டுதான் இருப்பாங்க" என்றார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து உள்ளங்கை அகலத்துக்கு வேறு கொக்கி வரைந்தோம். எடை 90 கிராம் கூடியது. அதைக் கேமராத் தாங்கியில் குறைத்துக்கொண்டோம்.